பன்னிரண்டு ஒன்பது, ஒன்பது பன்னிரண்டு

“இந்தப் பன்னெண்டு ஒம்போதுங்கறது டிசம்பர்தானே?” என்று கிரீஷ் கேட்டார்.

கேட்ட இடம் அடையாற்றில் எங்கள் ஆய்வகத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. நாள் 2025 மார்ச் மூன்று, திங்கட்கிழமை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மதுவந்தி தன் மடிக்கணினியைக் கடை பெஞ்சின் மேல் வைத்து, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்காக வரைந்திருந்த படத்தை எங்கள் இருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

“செப்டம்பர், கிரீஷ். பன்னெண்டாம் தேதி, ஒன்பதாம் மாசம்.”

“நான் எழுதியிருந்தா அது பன்னெண்டாம் மாசம், ஒம்போதாம் தேதி.”

“நீங்க எழுதலையே.”

கிரீஷ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நான் எழுதலைன்னு யார் சொன்னா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன். எழுதியது யார் என்று எனக்கும் தெரியவில்லை.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர், பெயர் செம்பியன். மதுவந்தி மயிலாப்பூர்ப் பெண். முனைவர் பட்டத்துக்காக ஐந்தாண்டுகளாக இங்கே உழைப்பவள். அடையாற்றுத் தண்ணீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் எவ்வளவு, மழை வெள்ளத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. 2023-இல் மாதம் இரண்டு முறை நானும் கிரீஷும் படகில் போய், கோட்டூர்புரம் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை ஆறு இடங்களில் தண்ணீர் எடுத்து வருவோம். வடிகட்டி, வடிதாளைச் சுருட்டி விரல் நீளக் குப்பியில் போட்டு, மூடி, லேபிள் ஒட்டி, மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில் வைப்போம். ஓர் இடத்துக்கு இரண்டு குப்பி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. அந்த ஆண்டின் பிற்பாதி முழுவதும் மதுவந்தி ஹைதராபாத்தில் ஒரு பயிற்சியில் இருந்தாள். ஆகவே குப்பிகள் எங்கள் இருவர் பொறுப்பு.

லேபிளை யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் ஒட்டுவார். நான் துறையூர்ப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றவன். நாள், மாதம், ஆண்டு என்றுதான் என் கை போகும். கிரீஷ் தி.நகர்க்காரர்தான், ஆனால் ஆறு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு மாதம், நாள், ஆண்டு. இது எங்கள் இருவருக்கும் தெரியும். கேலிகூடச் செய்துகொண்டிருக்கிறோம். அந்தக் கேலிக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

2023 செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஒரு முறை போனோம். டிசம்பர் ஒன்பதாம் தேதி, புயல்மழை ஓய்ந்து ஆறு இன்னும் கலங்கலாகப் புரண்டுகொண்டிருந்தபோது ஒரு முறை போனோம். வெள்ளம் வடிவதற்குள் எடுத்தது அந்த ஒரு நாள்தான். அடுத்த முறை போனபோது ஆறு பழையபடி ஆகிவிட்டது.

இப்போது உறைபெட்டியில் 12/09/23 என்று பன்னிரண்டு குப்பிகள். 09/12/23 என்று பன்னிரண்டு குப்பிகள். இரண்டு நாளும் ஒரே ஆள்தான் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். ஆளுக்கொரு நாள் ஒட்டியிருந்தால் இருபத்து நான்கிலும் ஒரே எண் வந்திருக்கும். அந்த ஆள் நானா, கிரீஷா? நான் என்றால் மதுவந்தி எழுதியது சரி: வெள்ளம் கிருமிகளைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. கிரீஷ் என்றால் எல்லாம் தலைகீழ்: வெள்ளம்தான் அவற்றை ஊர்ச் சாக்கடையிலிருந்து ஆற்றுக்குக் கொண்டுவந்து கொட்டியது.

“ஆத்துக் கூடத்துல உக்காண்டு மூணு மாசமா எழுதிண்டிருக்கேன்,” என்றாள் மதுவந்தி. “வெள்ளம் அலம்பி விட்டுடுத்துன்னு ரெண்டு பக்கம் காரணம் வேற சொல்லியாச்சு.”

“ஃபீல்டு நோட்டு இருக்குமே,” என்றார் கிரீஷ்.

ஆற்றில் தண்ணீர் எடுக்கும்போதே எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் அந்த நோட்டு, 2024 ஜனவரியில் படகிலிருந்து இறங்கும்போது சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் உள்ளே எழுதியிருந்தது மைப்பேனாவால். மைப்பேனாவால்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். பக்கமெல்லாம் ஊதா நிறமாகி, ஒரு எழுத்து மிச்சமில்லை.

கணினிக் கோப்புகளின் பெயரிலும் அதே 12-09-23, 09-12-23. கோப்பு உருவான தேதியைப் பார்க்கலாம் என்றால், பழைய கணினி மாறியபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் நகலெடுத்திருக்கிறோம். எல்லாமே ஒரே நாளில் பிறந்ததாகக் காட்டியது. லேபிள் அச்சிட்டது என்பதால் கையெழுத்தும் இல்லை.

அன்று மாலை எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மியின் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார், கோபப்படவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

“எதுல கிருமி அதிகமோ அதுதான் டிசம்பர்னு வெச்சுக்கலாமா?” என்று கிரீஷ் மெல்லச் சொன்னார்.

“அப்ப ஆராய்ச்சி எதுக்கு? விடையை வெச்சுண்டு கணக்கைத் திருத்தறதா?” என்றாள் மதுவந்தி, ஸ்ரீலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள்.

“வெளியிலிருந்து ஒரு ஆதாரம் வேணும்,” என்றார் ஸ்ரீலக்ஷ்மி. “இல்லைன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடணும், மது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி என் கையெழுத்துல அனுப்ப மாட்டேன்.”

நான்காம் அத்தியாயம் இல்லாவிட்டால் அது ஆய்வேடு இல்லை, முன்னுரை. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஐந்து வருடமும் அதோடு போகும். இதையெல்லாம் அவள் அங்கே சொல்லவில்லை. எங்கள் மூவருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் நான் ஒரு தாளில் ஆய்வகத்தில் உள்ள எல்லாப் பதிவேடுகளையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். படகு வாடகை ரசீது: நாள் உண்டு, லேபிள் பற்றி ஒன்றுமில்லை. உறைபெட்டி வெப்பப் பதிவேடு: பெட்டியைத் திறந்தார்கள் என்பது தெரியும், என்ன வைத்தார்கள் என்பது தெரியாது. வேதிப்பொருள் இருப்புப் பதிவேடு: 2023-க்கு உரியது என் பொறுப்பு, அதிலும் ஐந்தாறு இடத்தில் 07/08, 08/07 என்று எதுவென்றே புரியாத தேதிகள். என் கையெழுத்தும் கிரீஷ் கையெழுத்தும் மாறி மாறி. ஏழு பதிவேடு முடிந்தது. பட்டியலில் கடைசியாக இருந்தது, கழுவுமிடத்துப் பதிவேடு.

கழுவுமிடம் பாஞ்சாலியின் ராஜ்யம். குப்பிகள், மூடிகள், கண்ணாடிச் சாமான்கள் எல்லாவற்றையும் கழுவி, ஆட்டோகிளேவில், அதாவது பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான நீராவி எந்திரத்தில் வேகவைத்து, பைகளில் கட்டி எங்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறார். முன்பு சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் வீடு. இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாறி வந்தும் எட்டரைக்கு எந்திரம் சூடாகிக்கொண்டிருக்கும்.

“இன்னா சார், ரெண்டு நாளா மூஞ்சியே செரியில்ல? வூட்ல எதுனா சண்டையா?”

“வீட்ல இல்லம்மா, இங்கதான். உங்க நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமா? 2023.”

“தாராளமா பாரு சார். தோ, மூணாவது தட்டுல, வருசம் போட்டு கீது பாரு.”

நீளமான அட்டை நோட்டு. திறந்தேன். முதல் பக்கத்திலேயே என் கை நின்றுவிட்டது.

ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி தொடங்கியது. *2023 ஜனவரி 02. 2023 ஜனவரி 03.* ஆண்டு நான்கு எண்ணும் முழுதாக. மாதம் எழுத்தில். ஒற்றை இலக்கத் தேதிக்கு முன்னால் தவறாமல் ஒரு பூஜ்யம். எதுவும் முன்னே பின்னே போகவில்லை; எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று கோடு போட்டாற்போல நின்றன. அதன் பிறகு என்ன வேகவைத்தது, எத்தனை, எத்தனை நிமிடம், ஏதாவது தகராறு உண்டா. பேனா பந்துமுனை. எழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் ஒரு அடித்தல் இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் பார்த்தேன், இன்னொரு பக்கம் பார்த்தேன். எந்தத் தேதியிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஏழு பதிவேட்டில் இல்லாத நிம்மதி அது.

“வருஷத்த முன்னாடி எழுதணும்னு யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரு சொல்லிக் குடுப்பாங்கோ? டைம் சொல்லும்போது மணி மொதல்ல சொல்ற, அப்பால நிமிசம். பத்து மணி இருவது நிமிசம்னு. இருவது நிமிசம் பத்து மணின்னு எவனாச்சும் சொல்றானா? தேதிக்கு மட்டும் இன்னாத்துக்கு சின்னத முன்னாடி வக்கணும்?”

நாற்பது வருடமாக எழுதுகிறேன். எவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

“மாசம் ஏன் எழுத்துல?”

பாஞ்சாலி சிரித்தார். “நீ ஒரு மாரி எழுதுற. கிரீசு சாரு ஒரு மாரி எழுதுறாரு. ஒரு தபா அவுரு எழுதன தேதிய பாத்து, பாட்டில் பழசாயிடுச்சுன்னு கொட்டிட்டேன். வந்து குதிகுதின்னு குதிச்சாரு. ரெண்டு பெரிய மன்சங்க நடுவுல நான் இன்னாத்துக்கு மாட்டிக்கணும்? ஜனவரின்னு எழுதிட்டா எவனும் சண்டைக்கு வரமாட்டான்.”

“அத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா கேட்டிருப்பியா சார்?”

கேட்டிருக்க மாட்டேன். அதை ஒப்புக்கொள்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, பக்கங்களைப் புரட்டினேன். செப்டம்பர் பன்னிரண்டுக்கு முந்தைய வாரம் பார்த்தேன், ஒன்றும் விசேஷமில்லை. அக்டோபர் வந்தது. அங்கே இந்த வரி:

*2023 அக்டோபர் 17. செகப்பு மூடி பொட்டி தீந்துது. நீல மூடி புது பொட்டி இன்னிக்கி வந்துது, ஒடச்சேன். நீலம் சூட்டுல சுருங்குது. அரை சுத்து லூசா வச்சி வேக வக்கணும்.*

வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு நோட்டை அணைத்துக்கொண்டு ஓடினேன். “சார், நோட்டு! நோட்டு!” என்று பின்னால் பாஞ்சாலியின் குரல் வந்தது. நிற்கவில்லை.

உறைபெட்டியைத் திறந்தோம். மதுவந்தி தடித்த கையுறை போட்டுக்கொண்டு இரண்டு தட்டுகளையும் வெளியே எடுத்தாள். பனி படிந்த மூடிகளை விரலால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நான் சொல்லச் சொல்ல கிரீஷ் எழுதினார்.

09/12/23 தட்டு: சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பன்னிரண்டும் சிவப்பு.

12/09/23 தட்டு: நீலம், நீலம், நீலம். பத்தாவது குப்பி சிவப்பு. மீண்டும் நீலம், நீலம்.

நீல மூடி எங்களிடம் வந்ததே அக்டோபரில்தான். ஆகவே 12/09 டிசம்பர். லேபிள் ஒட்டியவர் கிரீஷ். மதுவந்தியின் படம் தலைகீழ்.

“அந்த ஒண்ணு?” என்றார் கிரீஷ், பத்தாவது குப்பியைக் காட்டி.

“பழைய மூடி ஏதாவது மிச்சம் இருந்திருக்கும்,” என்றேன்.

“அது நம்ம ஊகம்,” என்றாள் மதுவந்தி. “ஊகத்தாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். அந்தக் குப்பியை நான் கணக்குல சேக்க மாட்டேன். தனியா வெச்சு, சிவப்புன்னு எழுதிடறேன்.”

அத்தோடு விடவில்லை அவள். மூடியின் நிறத்தை நம்பலாமா என்று பார்க்க, சந்தேகத்துக்கே இடமில்லாத தேதிகளை எடுத்தாள்: பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண் வரும் தேதிகள். இருபத்தாறாம் மாதம் என்று ஒன்று கிடையாது அல்லவா? அப்படி அந்த ஆண்டில் நூற்று எண்பது குப்பிகள் இருந்தன. அக்டோபர் பதினேழுக்கு முந்தையவற்றில் ஒரு நீலம்கூட இல்லை. நவம்பர் கடைசிக்குப் பிறகு எல்லாமே நீலம். பாஞ்சாலியின் ஒரு வரி நூற்று எண்பது குப்பிகளிலும் நின்றது.

மதுவந்தி அன்று கொஞ்சம் அழுதாள். மறுநாள் காலை வந்து, அந்த இரண்டு பக்கக் காரணத்தையும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஸ்ரீலக்ஷ்மி ஒரே பொருளை வைத்தார்: இனி இந்த ஆய்வகத்தில் தேதியை எப்படி எழுதுவது. பாஞ்சாலியையும் கூப்பிட்டிருந்தார். அவர் கதவோரமாக நின்றார். ஸ்ரீலக்ஷ்மி எழுந்து போய்ப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

“எல்லாரும் நம்ம ஊர் வழக்கப்படியே, நாள் மாதம் ஆண்டுன்னு எழுதினா போதும்,” என்றேன் நான். கடைசி முயற்சி.

“அடுத்த வருஷம் இன்னொருத்தன் அமெரிக்காலேர்ந்து வருவான் சார்,” என்றார் கிரீஷ். “என்னைவிட முட்டாளா இருப்பான்.”

“அது கஷ்டம், கிரீஷ்,” என்றாள் மதுவந்தி.

“பாஞ்சாலிம்மா எழுதற மாதிரியே எழுதலாமே? வருஷம், மாசம் எழுத்துல, அப்புறம் நாள்,” என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

மதுவந்தி கணினியைத் திருப்பிக் காட்டினாள். “லேபிளுக்கு அது பிரமாதம். ஆனா ஃபைலுக்கு மாசத்தை எழுத்துல போட்டா, கம்ப்யூட்டர் அகர வரிசைல அடுக்கிடறது. பாருங்கோ, அக்டோபர் முதல்ல வந்து உக்காண்டிருக்கு, ஜனவரி எங்கயோ நடுவுல. மாசத்தையும் ரெண்டு எண்ணா போட்டா தானா வரிசையா நிக்கும்.”

எல்லோரும் பாஞ்சாலியைப் பார்த்தோம். அவர் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“நம்பரே இருக்கட்டும் மதும்மா. ஆனா வருசத்துக்கு நாலு நம்பரும் வோணும். ‘இருவத்தி மூணு’ன்னு மொட்டையா வுட்டா, அது தேதியா வருசமான்னு மறுபடி பஞ்சாயத்து. நாலு நம்பர் முன்னாடி நின்னுச்சுன்னா, இது வேற மாரி எழுதிக் கீதுன்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சிடும். அப்பால மாசம், அப்பால நாளு. பெருசுலேர்ந்து சின்னதுக்கு எறங்கிக்கினே போவும்.”

“நடுவுல சாய்கோடு?” என்று நான் கேட்டேன்.

“ஃபைல் பேர்ல சாய்கோடு ஒத்துக்காது,” என்றார் கிரீஷ். “சின்னக் கோடு போடுவோம்.”

ஸ்ரீலக்ஷ்மி பலகையில் எழுதினார்: 2025-03-07. அன்றைய தேதி. எந்த ஊர்க்காரன் வந்து படித்தாலும் அதில் மார்ச் ஏழைத் தவிர வேறொன்றையும் படிக்க முடியாது. பாஞ்சாலி பதினொரு வருடமாகத் தனியாகக் கடைப்பிடித்த ஒழுங்கு, நாற்பது நிமிடக் கூட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் விதியானது. அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. என் ஆயுளில் முதல் முறையாக, ஒரு கடிதத்தின் தலையில் ஆண்டை முதலில் எழுதினேன். பழக்கம் போகாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

மதுவந்தி ஜூன் இருபத்தேழாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாள். நவம்பரில் வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் பேராசிரியர் வெங்கடரமணன், புனேயிலிருந்து வந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் அவளைப் புரட்டி எடுத்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், நான்காம் அத்தியாயம் வந்து சூடு ஏறியதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

“இந்த அத்தியாயம் மொத்தமும் ஒரு மூடியோட கலர் மேல நிக்கறது. அப்படித்தானே?”

“ஆமா சார்.”

“பதினொண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு. அந்த ஒண்ணு எப்படி வந்துது?”

“தெரியலை சார். அதனாலதான் அதைக் கணக்குல சேக்காம, தனியா எழுதியிருக்கேன்.”

“நேர்மைதான், சந்தோஷம். ஆனா கலந்திருக்குன்னு ஒத்துக்கறேளே? ஒண்ணு கலக்கலாம்னா பதினொண்ணும் கலந்திருக்கலாமே? உங்க மூடிக் கணக்கையே நான் ஏன் நம்பணும்?”

மதுவந்தி தண்ணீர் குடித்தாள். நூற்று எண்பது குப்பிகளைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, “அது எனக்குப் புரியறது. இந்த ஒண்ணு எனக்குப் புரியலை,” என்றார். அவர் கையில் சிவப்பு மையில் ஏதோ எழுதத் தயாராகப் பேனா. இந்த அத்தியாயத்தை நீக்கித் திரும்ப எழுது என்று அவர் எழுதினால் இன்னும் ஒரு வருடம். அதற்கு நீட்டிப்பு கிடையாது.

“பதிவேட்டை எழுதினவங்க இங்கயே இருக்காங்க சார்,” என்றாள் மதுவந்தி. “நீங்க அவங்களையே கேக்கலாம்.”

கடைசி வரிசையில் பாஞ்சாலி எழுந்து நின்றார். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி மதுவந்தி காலையிலேயே சொல்லியிருந்தாள். நல்ல புடவை கட்டி வந்திருந்தார்.

“ஐயா, நீலம் செப்டம்பருக்குப் போவ முடியாது. அப்ப அது பொறக்கவே இல்ல. செகப்பு டிசம்பருக்கு வரலாம். பழசு புதுசுல வரும், புதுசு பழசுல எப்டிப் போவும்?”

வெங்கடரமணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “அது சரி. ஆனா வந்துதான்னு எப்படித் தெரியும்? எழுதி வெச்சிருக்கேளா?”

“இல்லாமியா?” பாஞ்சாலி முன்னே வந்தார். மேசைமேல் நோட்டை விரித்து, விரலில் எச்சில் தொடாமல் பக்கங்களைத் தள்ளினார். ஆண்டு, மாதம், நாள் என்று இறங்கி, தேட வேண்டிய அவசியமே இல்லாமல் நேராக ஒரு பக்கத்தில் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன்.

*2023 டிசம்பர் 07. வெள்ளத்தில் கீழ் தட்டு நனைஞ்சிது. நீலம் 300 வீணா போச்சி. மேல் தட்டில் பழைய பை ஒன்னு, செகப்பு 20. மறுபடி வேக வச்சி நீலம் கூட சேத்து குடுத்தேன்.*

டிசம்பர் ஏழு. நாங்கள் ஆற்றுக்குப் போனது ஒன்பது.

அக்டோபர் பக்கத்தைக் கண்டதும் நோட்டை அணைத்துக்கொண்டு ஓடியவன் நான். இரண்டு மாதம் தள்ளிப் புரட்டியிருந்தால் இதுவும் கிடைத்திருக்கும்.

“இதை ஏன்மா இவங்ககிட்ட சொல்லலை?”

“நோட்டைக் கேட்டாங்கோ, குடுத்தேன். ஒண்ணு செகப்பா கீதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும் ஐயா. கேட்டாதானே சொல்லுவேன்?”

கிரீஷ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். மதுவந்திக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. வெங்கடரமணன் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பின்னால் ஒரு பக்கம், முன்னால் ஒரு பக்கம் என்று தன் விருப்பத்துக்குத் திறந்து படித்தார். மார்ச்சில் நான் முதல் பக்கங்களைப் படித்தது போலவே, அவசரமில்லாமல். ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

“முப்பத்தி நாலு வருஷமா ஆய்வேடு பாக்கறேன்,” என்றார் கடைசியில். “இப்படி ஒரு பதிவேட்டை என் ஆய்வகத்துல நான் பாத்ததில்லை.”

பேனாவை எடுத்தார். படிவத்தில் எழுதத் தொடங்கினார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, ஒரே ஒரு திருத்தம்: அக்டோபர் 17, டிசம்பர் 07 ஆகிய இரண்டு பக்கங்களையும் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், ஒதுக்கிய பத்தாவது குப்பியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், பதிவேட்டை எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

“உங்க பேரை எப்படிப் போடணும்?” என்று பாஞ்சாலியிடம் கேட்டார்.

“பாஞ்சாலிதான்.”

“முழுப் பேரா சொல்லுங்கோ. அச்சுல வரப்போறது.”

பாஞ்சாலி அன்று முதல் முறையாகத் தடுமாறினார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்கப்பா பேரு வேலு. வே. பாஞ்சாலின்னு போடுங்க ஐயா. அவரு இருந்தா பாத்திருப்பாரு.”

அவர் அப்படியே எழுதினார். மதுவந்தி மேசையைச் சுற்றி வந்து பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னா மதும்மா, பட்டம் வந்துச்சில்ல?” என்றார் பாஞ்சாலி. “அப்ப அழுவாத. மொதல்ல ஒக்காரு. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட.”